கொள்ளியும் இலந்தையும்: வடஎல்லைப் போகி பற்றிச் சில குறிப்புகள்

பொங்கலுக்கு அரசியல் வரலாறு உண்டு. மதமற்ற பண்டிகை, உழவர் பண்டிகை, தமிழர் பண்டிகை என்று அதைச் சுற்றி ஒரு நூற்றாண்டுக் காலமாகக் கட்டப்பட்டு வந்திருக்கும் சொல்லாடல் லேசுப்பட்டதல்ல. தீபாவளியைத் தள்ளிவைத்த திராவிட இயக்கம் பொங்கலை ஏற்றுக்கொண்டது. பெரியாரும் அதற்கு இடம் கொடுத்தார். 2008இல் தி.மு.க. அரசு தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் இயற்றியது. 2011இல் அ.தி.மு.க. அரசு அதை ரத்து செய்து சித்திரைக்கே திரும்பியது. இந்த இழுபறியில் ஒரு சின்ன விஷயம் கவனிக்கப்படாமல் போயிற்று. அந்தச் சட்டம் உயிரோடு இருந்த காலத்தில் போகி, சட்டப்படி, ஆண்டின் கடைசி நாளாகிவிட்டது. பழையதைக் கொளுத்தும் நாளுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் புத்தாண்டுக்காக வாதாடியவர்கள் போகியைப் பற்றிப் பேசவில்லை, சித்திரைக்காக வாதாடியவர்களும் பேசவில்லை. இரண்டு தரப்புக்குமே அது பொங்கலின் வாசற்படி. மிதித்துவிட்டு உள்ளே போக வேண்டியது, அவ்வளவுதான்.

அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்தாலும் இதே கதைதான். பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று வரிசையாக மூன்று நாட்கள். மார்கழிக் கடைசி நாளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் வடக்கே போய் ஆரம்பாக்கத்தைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றால் நிலைமை வேறு. ஆந்திரத்தில் போகி பொது விடுமுறை. பள்ளிப் பிள்ளைகளின் சங்கராந்தி விடுமுறைக்குள் அது தானாகவே வந்துவிடும். ஒரே பனி, ஒரே வைக்கோல், ஒரே நெருப்பு. ஒரு பக்கம் விடுமுறை, மறுபக்கம் சில்லறை நாள். இந்தச் சில்லறை நாளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. காரணம் இது பிள்ளைகளுடைய நாள். பிள்ளைகளுடையது என்பதாலேயே இது வரலாற்றுக்குள் வரவில்லையோ என்று சந்தேகம்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கலாம். போகி என்பது இந்திரனுக்கு ஒரு பெயர், போகத்தை உடையவன். நிகண்டு வழி வந்த இந்தப் பொருளை வைத்துக்கொண்டு, போகி என்பது பழைய இந்திர விழாவின் எச்சம் என்று எழுதுகிற பழக்கம் இருக்கிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் பேசுகிற புகார் நகரத்து இந்திர விழா இருபத்தெட்டு நாள் விழா, அது நடந்தது சித்திரையில். மார்கழிப் பனியில் ஒரே ஒரு விடியற்காலையில் நடக்கிற காரியத்தை அதோடு முடிச்சுப்போட வேண்டுமானால் நடுவில் நிறையச் சங்கிலிகள் வேண்டும். அவை நம் கையில் இல்லை. மணிமேகலையில் விழா எடுக்க மறந்ததால் கடல் வந்து புகாரைக் கொண்டுபோகிறது. பாகவதத்திலோ இந்திர பூஜையை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிருஷ்ணன் மலையைத் தூக்குகிறான். ஒரு பிரதி இந்திரனை மறந்தால் அழிவு என்கிறது, இன்னொன்று மறந்தால்தான் பிழைப்பு என்கிறது. போகியன்று இந்திரனை நினைக்கிறவர் யார்? வடஎல்லை ஊர்களில் நெருப்பைச் சுற்றி நிற்கிற ஒரு பையனைக் கேட்டால் இந்திரன் பெயர் வாயில் வராது.

அயோத்திதாசப் பண்டிதர் இந்தப் பெயரை வேறு மாதிரி திருப்பினார் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ பிறகு ‘தமிழன்’ ஆயிற்று. 1914இல் அவர் மறையும்வரை அதன் பக்கங்களில் பண்டிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப்போட்டார். ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் இந்திரர் என்பவர் ஐம்பொறிகளை வென்ற புத்தரே என்றார். அவருடைய சொல்லாராய்ச்சியை மொழியியல் அளவுகோலால் அளந்து தள்ளிவிடுவது எளிது, கல்வித்துறை அதைத்தான் ரொம்ப காலம் செய்தது. ஆனால் அந்த வாசிப்பின் வேகம் வேறு எங்கோ இருக்கிறது. பண்டிகைக்குப் பொருள் சொல்கிற உரிமை யாருடையது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. இந்திரன் புத்தரானால், போகி என்கிற பெயரின் உரிமைப் பத்திரமே கைமாறிவிடுகிறது. புராணக்காரர் எழுதிய பத்திரத்தை ஏன் மூலப் பத்திரம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதற்கு நம்மிடம் இன்றுவரை பதில் இல்லை.

மக்கள் வழக்கு இந்த இரண்டுக்குமே போகவில்லை. போகி என்றால் ‘போக்கி’, பழையதைப் போக்குவது என்று தன் பாட்டுக்கு ஒரு பொருளைச் செய்துகொண்டது. இதற்குச் சான்றாக ஆண்டுதோறும் செய்தித்தாள்களும் வாழ்த்துத் தட்டிகளும் நன்னூலின் சூத்திரம் ஒன்றை அச்சடிக்கின்றன. பவணந்தி அதைப் பண்டிகைக்காக எழுதவில்லை. சொல்லதிகாரத்தில், உரியியலின் கடைசியில், நூலின் முடிவாகவே நிற்கிற சூத்திரம் அது. மொழியில் பழைய வழக்குகள் வீழ்வதும் புதியவை நுழைவதும் குற்றமல்ல, காலத்தின் இயல்பு என்று சொல்கிறது. சொல்லுக்குச் சொன்னதை நாம் பாய்க்கும் முறத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதில் தவறென்று ஒன்றுமில்லை. எல்லைப்புறத்து மொழிகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சூத்திரம் திரும்ப வரும்.

பழையதைக் கொளுத்தியதால் ஓலைச்சுவடிகள் போகித் தீயில் போயின என்று ஒரு பேச்சு உண்டு. தமிழ் வகுப்புகளில் இதைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். போகி நெருப்பில் ஒரு ஏடுகூட விழவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிப் போன கதைகளில் மனத்தை உலுக்குகிற இடம் கரிவலம்வந்தநல்லூர். அங்கே கோவிலில் இருந்த ஏடுகள் என்னவாயின என்று கேட்டபோது, ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாக அவருக்குச் சொல்லப்பட்டது. அது சேரிப் பையன்கள் மூட்டிய நெருப்பல்ல, சாஸ்திரம் பார்த்து மூட்டிய நெருப்பு. ஏடு எரிந்ததற்குப் பாமரரின் அறியாமையைக் காரணம் காட்டுகிற நம் இலக்கிய வரலாற்றுக்காரர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

*

இனி மேளம். சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள பழைய செங்கற்பட்டு மாவட்டப் பகுதிகளிலும் (திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்) போகியின் அடையாளம் நெருப்பு மட்டுமல்ல. நாலு மணிக்கு எழுந்து பிள்ளைகள் அடிக்கிற சின்ன மேளமும்தான். வளையத்தில் தோலை இழுத்து ஒட்டி, குச்சியோடு விற்கிற கையளவு கொட்டு. மார்கழி பாதியிலிருந்தே கடைத்தெருவில் தொங்கும். விலை சொற்பம். வாங்கின அன்றைக்கே பாதி கிழியும், மீதி போகியன்று நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடித்ததில் கிழியும். தெற்கத்தி மாவட்டத்துக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும், அங்கே போகிக்கு இப்படியொரு வாத்தியம் பெருவழக்கு இல்லை. கொங்கில் அன்றைக்குக் காப்புக் கட்டுவது, பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் கூரையில் செருகுவது. வடக்கே அடிக்கிற சத்தம்தான் பண்டிகை.

இந்த மேளத்தின் தோல் மாட்டுத்தோல். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும் தோலை உரிப்பதும் பறை கொட்டுவதும் யார் தலையில் கட்டப்பட்டிருந்தன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோலைத் தொட்டதால் தீட்டு என்று ஒதுக்கி, அந்தத் தோலின் சத்தம் சாவு வீட்டுக்கு மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொண்ட சமூகம் இது. அப்படிப்பட்ட சமூகத்தில் ஆண்டில் ஒரு நாள் விடியற்காலையில் முதலியார் வீட்டுப் பிள்ளையும் ரெட்டியார் வீட்டுப் பிள்ளையும் மாட்டுத்தோலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் கொட்டுகிறது. அம்மா அப்பா கண்டுகொள்வதில்லை. கோலம் போட்ட வாசலில், சில வீடுகளில் பூஜை அறைக்குப் பக்கத்திலேயே, அந்த மேளம் கிடக்கும். எப்படி இது சாத்தியமாயிற்று?

ஐரோப்பியக் கோட்பாடுகளைப் படித்தவர்கள் உடனே பக்தினைக் கூப்பிடுவார்கள். ரபலே பற்றி 1965இல் வெளிவந்த நூலில் அவர் விளக்கிய கார்னிவல், மேல் கீழாகித் தலைகீழாகும் விழா. நம்மூர்ச் சிறுபத்திரிகைகளில் கோவில் கொடையிலிருந்து சினிமாக் கொட்டகை வரை கார்னிவல் ஆக்கப்பட்டாயிற்று, போகியையும் ஆக்கிவிடலாம். எனக்கு அதில் திருப்தியில்லை. கார்னிவலில் பெரியவர்கள் மேல் கீழாகிறார்கள். போகியில் பெரியவர்கள் ஒருவரும் மேளத்தைத் தொடுவதில்லை. முப்பது வயது முதலியார் போகி மேளம் அடித்தால் ஊர் சிரிக்கும், அல்லது சிரிக்காது. குழந்தைக்குச் சாதி இன்னும் முழுதாக ஒட்டவில்லை என்கிற, வெளியில் சொல்லப்படாத ஓர் ஒப்பந்தம்தான் இதை அனுமதிக்கிறது. பூணூலுக்கு முன் தீட்டுக் கணக்கில் சலுகை உண்டு என்பதைப் போல. குழந்தைப் பருவம் என்பதே வரலாற்றில் உருவாக்கப்பட்டது என்று பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃபிலிப் ஆரியேஸ் 1960இல் வாதிட்டபோது அவர் கண்முன் சாதி இல்லை. நம்மைப் பொறுத்தவரை குழந்தைப் பருவம் சாதியிலிருந்து கிடைக்கிற குறுகிய கால ஜாமீன். அதுவும் ஒரு பக்கத்துப் பிள்ளைக்கு மட்டும். காலனிப் பிள்ளை மேளம் அடித்தால் அது விளையாட்டாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. ‘அவனுக்கு அது கைவந்தது’ என்று பார்க்கப்படும்.

தலித் அரசியலுக்குள் பறை பற்றி இரண்டு போக்குகள் உண்டு. அடிமைத் தொழில், அதை அடிக்க மறுப்பதே விடுதலை என்பது ஒன்று. செத்த மாட்டை இழுக்காதே என்ற அம்பேத்கரின் அறைகூவலின் தொடர்ச்சி அது. பறை எங்கள் இசை, அதை மீட்டெடுத்து மேடையில் நிறுத்துவோம் என்பது இன்னொன்று. 1990களின் கலை இரவுகளிலிருந்து இன்றுவரை வளர்ந்திருப்பது இதுதான். இந்த விவாதத்தில் போகி மேளம் ஒருபோதும் பேசப்படவில்லை. பொம்மை என்பதால் விட்டுவிட்டார்கள் போல. ஆனால் பறை ஒடுக்கப்பட்டோரின் அடையாளமாகவும் எல்லாத் தெருவின் பொம்மையாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடிந்தது எதனால் என்று யோசித்தால், பொம்மையாக்குவதும் ஆதிக்கத்தின் ஒரு வழிமுறை என்பது புரியும். இப்போது தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் ஒட்டிய மேளங்கள் வந்துவிட்டன. மழைக்கும் பனிக்கும் தொய்யாது, நெருப்பில் காய்ச்சினால் சுருண்டுவிடும். தீட்டுப் பிரச்சினை ஒரு வழியாகத் தீர்ந்தது!

*

எல்லைக்கு வருவோம். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது வடக்கெல்லை தீராத தகராறாக நின்றது. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் நடத்திய போராட்டங்கள், படாஸ்கர் பரிந்துரை, 1960 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றம் எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. திருத்தணி இங்கே வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் அங்கே போயின. வெற்றி தோல்விக் கணக்காகவே இது நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கிராமம் கிராமமாகப் பிரித்த கோடு, வீடு வீடாகப் பிரிக்க முடியாது என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி பக்கங்களில் வீட்டுக்குள் தெலுங்கும் வாசலில் தமிழுமாக வாழ்கிறவர்கள் ஏராளம். அவர்கள் வீடுகளில் போகி காலையில் தெருவுக்குரியது, சாயங்காலம் வீட்டுக்குரியது.

சாயங்காலச் சடங்குக்குப் பெயர் போகிப் பள்ளு. பள்ளு என்றால் இங்கே பழங்கள்; முக்கூடலைத் தேட வேண்டாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புதுத்துணி போட்டு மணையில் உட்காரவைப்பார்கள். இலந்தைப் பழம், பூவிதழ், கரும்புத் துண்டு, ஊறவைத்த கடலை, சில்லறைக் காசு எல்லாம் கலந்து கையில் அள்ளிக் குழந்தையின் தலையைச் சுற்றி உச்சியில் கொட்டுவார்கள். பாட்டி முதலில், பிறகு அத்தை, சித்தி, அக்கம்பக்கத்துப் பெண்கள். பாட்டு, ஆரத்தி. கண்ணேறு கழியும் என்பது நம்பிக்கை. குழந்தை பாதி நேரம் அழும். தலையிலிருந்து சிதறுகிற காசைப் பொறுக்க மற்றப் பிள்ளைகள் அடித்துக்கொள்ளும். ஆண்கள் திண்ணையில் இருப்பார்கள், அவர்களுக்கு இதில் வேலை கிடையாது.

இலந்தைக்கு வடமொழியில் பதரி. ஆகவே பதரி மரத்தடியில் தவம் இருந்த நர நாராயணர்கள் தலையில் தேவர்கள் பழம் பொழிந்தார்கள், அதன் நினைவே இது என்று ஒரு கதை சொல்கிறார்கள். எம்.என். சீனிவாஸ் 1952இல் கூர்க் பற்றிய நூலில் பெயரிட்ட சமஸ்கிருதமயமாக்கம் இத்தனை நேர்த்தியாக ஒரு பழத்தின் மீது நடந்திருப்பதை வேறெங்கும் பார்க்க முடியாது. நிஜத்தில் இலந்தை முள்மரம். வரப்போரத்திலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் யாரும் நடாமல் முளைப்பது. பனிக்காலத்தில் பழுப்பது. மாடு மேய்க்கிற பிள்ளையின் தீனி, பள்ளிக்கூட வாசலில் கூறுகட்டி விற்கிற தீனி. காசு கொடுத்து வாங்க வேண்டாதது என்பதால் ஏழை வீட்டுச் சடங்குக்கு ஏற்றது என்றுகூடச் சொல்லலாம். கூடக் கொட்டுகிற காசு மட்டும்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசப்படும். ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பிள்ளைகள் மார்கழி முழுக்கச் சாணியில் சின்னச் சின்ன வறட்டி தட்டிக் காயவைத்து, மாலையாகக் கோத்து, போகி நெருப்பில் போடுவார்கள். சாணி, முள்மரம், செத்தை. இந்தப் பண்டிகையின் பொருள்கள் எல்லாம் கீழே கிடக்கிறவை. தேவர்களை மேலிருந்து இறக்கியது பிறகுதான்.

இந்தச் சடங்கு நடக்கும் மொழி தெலுங்கு. 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். தமிழ்நாட்டில் தமிழ் படிக்காமல் பள்ளி முடிக்கலாம் என்ற அவமானத்தை ஒழித்த சட்டம் என்ற வகையில் அதை ஆதரிக்க வேண்டும் என்பதே என் நிலை. ஆனால் அதன் சுமை ஆங்கிலத்தில் திளைக்கிற மாநகரப் பள்ளிகளைவிட எல்லைப்புறத் தெலுங்குப் பள்ளிகளின் மீது சீக்கிரமாக இறங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். இதற்கிடையே வடஎல்லையில் வளர்கிற ஒரு பிள்ளை தெலுங்கு எழுத்து தெரியாமல் வளர்கிறது. தமிழும் பள்ளிப் பாடமாகத்தான். தொழிற்சாலை வேலைக்குப் போனால் மேஸ்திரியிடம் இந்தி. நன்னூல்காரர் பழையன கழிவது குற்றமில்லை என்றார். கழிவதையும் கழிக்கப்படுவதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவர் சொல்லவில்லை. தலையில் இலந்தை கொட்டும்போது பாட்டி பாடுகிற பாட்டு, அந்தப் பிள்ளை தெலுங்கைக் கேட்கிற மிகச் சில தருணங்களில் ஒன்றாக மிஞ்சியிருக்கிறது. தமிழ்த்தேசியம் பேசுகிற நண்பர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பெங்களூரில் தமிழ்ப் பள்ளி மூடப்படும்போது நமக்கு வருகிற கோபம் ஊத்துக்கோட்டையில் ஏன் வருவதில்லை?

*

பண்டிகை தெருவிலிருந்து வீட்டுக்குள் போவது தற்செயலல்ல. அமெரிக்கக் கிறிஸ்துமஸ் பற்றி ஸ்டீபன் நிசன்பாம் 1996இல் எழுதிய நூல் இந்த வகையில் உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அந்தக் குளிர்காலப் பண்டிகை தெருவில்தான் நடந்தது. ஏழைகளும் வேலையாட்களும் கூட்டமாகப் பணக்காரர் வீட்டுக் கதவைத் தட்டிச் சாராயமும் தின்பண்டமும் கேட்டார்கள், கொடுக்காவிட்டால் கலாட்டா. நியூயார்க்கின் செல்வர்கள் இதற்குப் பயந்து பண்டிகையைக் கதவுக்குள் கொண்டுவந்தார்கள். ஏழைக்குக் கொடுத்தது போய், சொந்தக் குழந்தைக்குக் கொடுப்பது வந்தது. தாழ்ந்தவர் இடத்தில் குழந்தை உட்காரவைக்கப்பட்டது. கொடுக்கிறவர் கைக்கும் வாங்குகிறவர் கைக்கும் இடையே இருந்த வர்க்கம் காணாமல் போய் பாசம் ஆயிற்று.

போகி அப்படியே இதுவல்ல. ஆனால் போக்கு தெரிகிறது. தெருமுனையில் பத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்து மூட்டிய நெருப்பு குறைந்துகொண்டே வருகிறது. வீட்டுக்குள் அலங்கரித்த குழந்தை, அலங்கரித்த தட்டு, புகைப்படம் என்பது கூடிக்கொண்டே போகிறது. தெலுங்கு பேசாத வீடுகளிலும் இலந்தை கொட்டுகிறார்கள். நெருப்பை நிறுத்தச் சொன்னது அரசு. காரணம் புகை. அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. பனிக்காலத்து விடியலில் காற்று அசையாது. தரையொட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பக்காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடும், புகை மேலே போக வழியில்லை. பனை ஓலையும் கிழிந்த பாயும் எரிந்தபோது இதன் கெடுதல் கொஞ்சம். பனியில் நனைந்த செத்தை பற்றாது, டயர் பற்றும். பிள்ளைகள் உருட்டி விளையாடிய சைக்கிள் டயரில் தொடங்கி லாரி டயர்வரை போயிற்று. 2018 ஜனவரி 13 போகியன்று சென்னை விமான நிலையத்தில் புகைமூட்டத்தால் பல விமானங்கள் திருப்பிவிடப்பட்டன, பல மணிக்கணக்கில் தாமதமாயின. அன்றிலிருந்து போகி என்றால் பத்திரிகைகளுக்குப் புகைதான் செய்தி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ஆண்டும் டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதே என்று அறிக்கை விடுகிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கு உறுதிமொழி எடுக்கவைக்கிறார்கள், போகிக்கு முந்தைய இரவிலிருந்து காற்றை அளக்கிறார்கள்.

டயர் கொளுத்தக் கூடாதுதான். ஆனால் கும்மிடிப்பூண்டியில் நின்றுகொண்டு இந்த உறுதிமொழியைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. சிப்காட் 1971இல் உருவான அரசு நிறுவனம். அது கும்மிடிப்பூண்டியில் அமைத்த வளாகத்தையும் அதைச் சுற்றி முளைத்த ஆலைகளையும் ஒருமுறை சுற்றிவந்தால் போதும். பழைய இரும்பை உருக்கும் உலைகள், ரோலிங் மில்கள், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கும் பட்டறைகள், பழைய டயரைக் காற்றில்லாத கொதிகலனில் வேகவைத்து எண்ணெயும் கரித்தூளும் கம்பியும் பிரிக்கும் ஆலைகள். அபாயக் கழிவுகளைக் கொண்டுவந்து புதைக்கும் இடமும் இங்கேதான் இருக்கிறது. பழையதைக் கழித்துப் புதியதாக்குவதை ஆண்டு முழுக்கச் செய்கிற ஊர் இது. ஒரு பையன் ஆண்டுக்கு ஒருமுறை எரித்தால் குற்றமாகிற அதே டயர், உரிமம் வாங்கிய கொதிகலனுக்குள் மறுசுழற்சி ஆகிறது. தெற்கே மணலி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடு முழுக்கச் செய்த மதிப்பீட்டில் 76.32 புள்ளி வாங்கிக் கடுமையாக மாசுபட்ட பகுதி என்று பெயரெடுத்தது. அந்தக் காற்று போகிக்கு மட்டும் அடிப்பதில்லை. ஈயம் பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பில் அதிகமாக ஏறும், மூளையைப் பாதிக்கும் என்பது மருத்துவத்தில் சந்தேகமில்லாமல் நிறுவப்பட்ட விஷயம். அப்பாவின் வேலைச்சட்டையில் ஒட்டிக்கொண்டு அது வீட்டுக்கு வருகிறது. கண்ணேறு கழிய இலந்தை கொட்டலாம், ஈயத்துக்கு எதைக் கொட்டுவது? பிள்ளைகளிடம் உறுதிமொழி வாங்குகிற அரசு, பிள்ளைகளின் ரத்தத்தை ஒழுங்காகப் பரிசோதித்து முடிவை ஊருக்குச் சொல்லட்டும்.

இந்த ஆலைகளை ஓட்டுகிறவர்கள் யார்? பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம், அசாம். அசாமியருக்கு இதே இரவு உருக்கா. அறுவடை முடிந்த வயலில் வைக்கோலும் மூங்கிலும் கொண்டு குடில் கட்டி விருந்து சாப்பிட்டு, விடிந்ததும் மெஜியைக் கொளுத்துவார்கள். அது மாக பிகு. பஞ்சாபில் ஜனவரி 13 மாலை லோஹ்ரி. பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாடிப் பண்டம் வாங்குவார்கள், புதிதாய்ப் பிறந்த குழந்தையின் முதல் லோஹ்ரி பெரிய விசேஷம். பீகாரில் அடுத்த நாள் அவலும் தயிரும் எள்ளும். சூரியன் மகரத்துக்குப் போகிற கணக்கை ஒட்டி ஒரு துணைக்கண்டமே ஒரே விடியலில் குளிருக்கு எதிராக நெருப்பு மூட்டிக்கொள்கிறது (சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 22ஐ ஒட்டி, பஞ்சாங்கம் மூன்று வாரம் பின்தங்கிவிட்டது). இத்தனை பேரும் கும்மிடிப்பூண்டியில் ஒரே லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறையில் இருக்கிறார்கள். ஒருவர் பண்டிகை இன்னொருவருக்குத் தெரியாது. குடும்பத்தோடு வந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் அது தெரியும். அவர்கள் பக்கத்து வீட்டு மேளத்தை வாங்கி அடித்துவிட்டுத் திருப்பித் தருகிறார்கள். கும்மிடிப்பூண்டி ஈழ அகதி முகாமில் வளர்ந்த பிள்ளைகளும் இப்படித்தான் போகிக்குள் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் போகி பெருவழக்கு அல்ல. தைப்பொங்கல், அடுத்த நாள் பட்டிப்பொங்கல். 2021இல் முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். குடியுரிமை இன்னும் வரவில்லை, மேளம் எப்போதோ வந்துவிட்டது.

விடுமுறையைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். அரசு ஊழியருக்கு ஒரு பட்டியல் என்றால் ஆலைத் தொழிலாளிக்கு வேறு பட்டியல். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம், 1958. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போக, பண்டிகைக்கென்று ஆண்டுக்கு ஐந்து நாள். இந்த ஐந்துக்குள் பொங்கல், தீபாவளி, ஆயுதபூஜை, புத்தாண்டு என்று அடைத்தால் ஒன்று மிஞ்சும். அதற்கு ரம்ஜானும் கிறிஸ்துமஸும் வரிசையில் நிற்கும். மார்கழிக் கடைசி நாள் அந்த வரிசைக்கே வராது. அதுவும் நிரந்தரத் தொழிலாளிக்கு. காண்ட்ராக்ட்காரருக்கு வேலை இல்லாத நாள் கூலி இல்லாத நாள், சட்டம் என்ன சொன்னாலும் நடப்பது அதுதான். ஆகவே போகிக்கு முந்தின இரவு பத்து மணி ஷிப்டுக்குப் போகிறவர் காலை ஆறு மணிக்கு உலையை அடுத்தவரிடம் விட்டுவிட்டு வெளியே வருகிறார். புகைக்குள் சைக்கிளில் வீடு போய்ச் சேரும்போது தெருமுனை நெருப்பு சாம்பலாகியிருக்கும். வீட்டுக்காரி வாசலில் சாணி தெளித்துக் கோலத்தை முடித்திருப்பாள், இன்னும் வெள்ளையடிக்க ஒரு சுவர் பாக்கி. நாலு மணிக்கு எழுந்த பிள்ளைகள் மேளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி தூங்கியிருக்கும்.